சனிக்கிழமை மதியச் சாப்பாடு வெள்ளி இரவே தொடங்கட்டும்: வீட்டு பிரெட்டும் ஒரு பாத்திரம் ஸ்டூவும்

வார இறுதியில் வீட்டிலேயே பிரெட் சுட வேண்டும், கூடவே வயிறு நிறைய ஏதாவது சமைத்து எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் பலரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் மாவு டப்பாவைத் திறக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஈஸ்ட் போட்ட மாவும் சரி, ஸ்டூவில் போடும் காய்ந்த கொண்டைக்கடலையும் சரி, நம் அவசரத்துக்கு வளைந்து கொடுக்காது. மாவு உப்பவில்லையே என்று திறந்து திறந்து பார்த்து, இரண்டரை மணிக்குப் பிள்ளைகள் பிஸ்கட் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்ட பிறகு சாப்பாடு தயாராகும்.

இந்தச் சாப்பாட்டில் கைவேலை ரொம்பக் குறைவு. ஒரு பிரெட்டுக்கு மொத்தமாகப் பார்த்தால் அரை மணி நேரம்கூடக் கை வைக்க வேண்டியதில்லை. மீதி எல்லாம் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பில் பெரும்பகுதியை நாம் தூங்கும் நேரத்துக்குத் தள்ளிவிட்டால் சனிக்கிழமை காலை நிதானமாகப் போகும். புதிதாகத் தொடங்குபவர்கள் பிசையும் முறையைவிட முதலில் கற்க வேண்டியது இந்த நேரக் கணக்கைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

கீழே சொல்வது நான்கு பேருக்கான அளவு. சனிக்கிழமை மதியம் 1 மணிக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம்.

தேவைப்படுபவை

ஒரே ஒரு பொருளுக்குச் செலவு செய்யலாம் என்றால் டிஜிட்டல் தராசு வாங்குங்கள். மாவை கப்பில் அளந்தால் அழுத்தி அள்ளும்போது ஒரு எடை, லேசாக அள்ளும்போது ஒரு எடை வரும். பிரெட்டில் 50 கிராம் மாவு கூடினாலே மாவின் பதம் மாறிவிடும். தண்ணீரையும் தராசிலேயே நிறுத்துவிடலாம், 1 மில்லிலிட்டர் தண்ணீர் 1 கிராம்தான்.

பிரெட்டுக்கு: மைதா அல்லது பிரெட் மாவு 500 கிராம், தண்ணீர் 340 கிராம், உப்பு 10 கிராம் (தூள் உப்பில் சுமார் ஒன்றே முக்கால் டீஸ்பூன்), இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 கிராம் (முக்கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு). சர்க்கரை, பால், வெண்ணெய் எதுவும் வேண்டாம். மாவு பாக்கெட்டில் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். 100 கிராமுக்கு 11 முதல் 13 கிராம் வரை இருந்தால் நன்றாக உயரும். முழுக்கோதுமை மாவு சேர்க்க ஆசை இருந்தால் முதல் தடவை மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள். அதில் உள்ள தவிடு தண்ணீரை அதிகம் குடிக்கும், அதனால் இன்னும் 20 கிராம் தண்ணீர் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஈஸ்டில் இரண்டு வகை உலர் ஈஸ்ட் பரவலாகக் கிடைக்கும். 'இன்ஸ்டன்ட்' என்று போட்டிருந்தால் நேராக மாவில் கலக்கலாம். 'ஆக்டிவ் டிரை' என்றால் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, நுரை வந்த பிறகு சேர்க்க வேண்டும். அந்தத் தண்ணீர் 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் போதும், விரலை விட்டால் இதமாக இருக்கும். சூடு தாங்காமல் விரலை எடுக்கத் தோன்றினால் ஆறவிடுங்கள், 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துவிடும். டப்பா ரொம்ப நாளாகத் திறந்து கிடக்கிறது என்றால் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நுரைக்காவிட்டால் அதைக் குப்பையில் போடுவதே நல்லது.

ஸ்டூவுக்கு: காய்ந்த கொண்டைக்கடலை 250 கிராம், பெரிய வெங்காயம் 2, பூண்டு 4 பல், தக்காளி 3, கேரட் 2, உருளைக்கிழங்கு 2, ஏதாவது ஒரு கீரை ஒரு கைப்பிடி, எலுமிச்சை அரை மூடி, எண்ணெய், உப்பு, உங்களுக்குப் பிடித்த மசாலா. அடிகனமான பெரிய பாத்திரம் ஒன்று கட்டாயம். மெல்லிய பாத்திரத்தில் வெங்காயம் ஓரத்தில் கருகும், நடுவில் பச்சையாக நிற்கும்.

வெள்ளி இரவு: மாவு

இரவு 8 மணி வாக்கில் தொடங்கினால் சரியாக இருக்கும். அகலமான பாத்திரத்தில் மாவு, ஈஸ்ட், உப்பு மூன்றையும் கலந்து தண்ணீரை ஊற்றுங்கள். சமையலறை சூடாக இருக்கிறது என்றால் குளிர்ந்த தண்ணீர், குளிராக இருக்கிறது என்றால் வெதுவெதுப்பான தண்ணீர். காய்ந்த மாவு எங்கேயும் தெரியாத வரை கரண்டிக் காம்பால் கிளறினால் போதும். அப்போது அது பார்க்கவே நன்றாக இருக்காது. திட்டுத்திட்டாக, கையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, 'தண்ணீர் அதிகமாகிவிட்டது' என்ற பயத்தைக் கிளப்பும். இன்னும் மாவு போடத் தோன்றும், போடாதீர்கள். மூடி வைத்துவிட்டு 30 நிமிடம் வேறு வேலையைப் பாருங்கள்.

திரும்பி வரும்போது மாவு தானாகவே பாதி வேலையை முடித்திருக்கும். கோதுமையில் உள்ள குளூட்டனின், கிளையடின் என்ற இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்ற வலையாகும். பிசைவது அந்த வலையை வேகப்படுத்தும். ஆனால் சும்மா வைத்தாலும் அது உருவாகிக்கொண்டேதான் இருக்கும். அதனால் பத்து நிமிடம் தோள் வலிக்கப் பிசைவதற்குப் பதில் நான் மடிப்பதையே பரிந்துரைக்கிறேன்.

மடிப்பது இப்படித்தான். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள், மாவு தூவ வேண்டாம். மாவின் ஒரு ஓரத்தை அடியிலிருந்து பிடித்து, கிழியாத அளவுக்கு மேலே இழுத்து, நடுவில் கொண்டுவந்து மடியுங்கள். பாத்திரத்தைக் கால் சுற்று திருப்பி அடுத்த ஓரம். நான்கு பக்கமும் முடிந்ததும் மூடி வையுங்கள். அரை நிமிட வேலை. இதை அரை மணி நேர இடைவெளியில் மூன்று தடவை செய்யுங்கள். முதல் தடவை மாவு கந்தலாகப் பிய்ந்து வரும். இரண்டாம் தடவை இழுவை தெரியும். மூன்றாம் தடவை கையைவிட்டு ஒட்டாமல் விலகி, மேற்பரப்பு வழவழப்பாக, தோலுக்கு அடியில் சின்னச் சின்னக் குமிழிகளோடு இருக்கும். இந்த மாற்றத்தைக் கையால் உணர்ந்துவிட்டால் பிறகு எந்தக் குறிப்பைப் பார்த்தும் பிரெட் செய்துவிடலாம்.

ஓரங்களில் எண்ணெய் தடவிய, மாவைப் போல இரண்டு மடங்கு இடமுள்ள டப்பாவில் போட்டு மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். குளிரில் ஈஸ்ட் மெதுவாகும், ஆனால் நிற்காது. இந்த நீண்ட நொதிப்பில்தான் மாவுக்கு லேசான புளிப்பும் மணமும் ஏறும். ஒரே காலையில் அவசரமாகச் செய்த பிரெட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும்.

படுக்கப் போகும் முன் இன்னொரு வேலை. கொண்டைக்கடலையை ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில், ஒரு டேபிள்ஸ்பூன் உப்புப் போட்டு ஊறவையுங்கள். ஊறும் தண்ணீரில் உப்புப் போட்டால் கடலை வேகாது என்று சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். கடலையின் தோலை இறுக்கிப் பிடித்திருப்பது கால்சியமும் மெக்னீசியமும். உப்பில் உள்ள சோடியம் அவற்றில் ஒரு பகுதியை விலக்கி அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், தோல் மென்மையாகும்.

கடலைக்குப் பதில் ராஜ்மா போடுவதாக இருந்தால் ஒன்றை மறக்கவே கூடாது. வேகாத ராஜ்மாவில், முக்கியமாகச் சிவப்பு ராஜ்மாவில், லெக்டின் என்ற நச்சுப் பொருள் அதிகம். அரைகுறையாக வெந்ததைச் சாப்பிட்டால் கடுமையான வாந்தி வரும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வைத்த பிறகுதான் தீயைக் குறைக்க வேண்டும். மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடக் கூடாது, அந்தச் சூடு நச்சை முறிக்கப் போதாது.

சனிக்கிழமை காலை: பின்னாலிருந்து எண்ணுங்கள்

1 மணிக்குச் சாப்பாடு. பிரெட் ஆற ஒரு மணி நேரம் வேண்டும், ஆக 12 மணிக்கு ஓவனிலிருந்து வெளியே வர வேண்டும். சுட 45 நிமிடம், ஆக 11.15க்கு உள்ளே போக வேண்டும். இரண்டாவது முறை உப்ப ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், ஆக 9.30க்கு உருட்ட வேண்டும். ஃபிரிட்ஜ் குளிர் விட ஒரு மணி நேரம், ஆக 8.30க்கு மாவை வெளியே எடுத்து வைக்க வேண்டும். இந்த நான்கு நேரத்தையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். யார் சமையலறைக்குள் வந்தாலும் அடுத்து என்ன என்று தெரியும்.

9.30க்கு மேடையில் லேசாக மாவு தூவி, மாவைக் கவிழ்த்து, செவ்வகமாகத் தட்டுங்கள். உள்ளே இருக்கும் காற்றை எல்லாம் அமுக்கி வெளியேற்ற வேண்டாம். இரண்டு ஓரங்களையும் நடுவுக்கு மடித்து, ஒரு முனையிலிருந்து பாய் சுருட்டுவதுபோல இறுக்கமாகச் சுருட்டி, மடிப்பு வாயைக் கிள்ளி மூடுங்கள். எண்ணெய் தடவிய பிரெட் டின்னில் (23 செ.மீ. நீளம், 13 செ.மீ. அகலம்) மடிப்பு கீழே இருக்கும்படி வைத்து, ஈரத்துணியால் மூடுங்கள். சுருட்டும்போது தளர்வாக விட்டால் வெந்த பிரெட்டுக்குள் பெரிய பொந்து விழும்.

கடிகாரம் சொல்வதைவிட மாவு சொல்வதைக் கேளுங்கள். வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்திலேயே தயாராகிவிடும், குளிர் காலத்தில் இரண்டு மணி நேரமும் போதாமல் போகலாம். மாவு தொட்ட விரலால் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திப் பாருங்கள். பள்ளம் உடனே மேலே வந்துவிட்டால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாகப் பாதி வரை ஏறி நின்றால் சரியான பதம். அப்படியே பள்ளமாகவே நின்றால் கொஞ்சம் தாண்டிவிட்டது, இனி ஒரு நிமிடமும் காக்காமல் ஓவனுக்குள் வையுங்கள்.

ஓவனை 10.45க்கே 220 டிகிரியில் போட்டுவிடுங்கள். விளக்கு அணைந்தது, சூடேறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். உள்ளே உள்ள காற்று சூடாகியிருக்கும், சுவர்களும் தட்டும் சூடாக முழு அரை மணி நேரம் ஆகும். கீழ்த்தட்டில் ஒரு பழைய உலோக ட்ரேயையும் வைத்துவிடுங்கள். 11.15க்கு மாவின் மேல் கூரான கத்தியால் நீளவாக்கில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கீறல். டின்னை உள்ளே வைத்து, கீழ் ட்ரேயில் ஒரு டம்ளர் வெந்நீரை ஊற்றி, உடனே கதவை மூடுங்கள். ஆவி குப்பென்று முகத்தில் அடிக்கும், கையையும் முகத்தையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது. முதல் சில நிமிடங்களில்தான் பிரெட் குபுகுபுவென்று உயரும். அப்போது மேல்தோல் காய்ந்து இறுகிவிடாமல் இந்த ஆவி பார்த்துக்கொள்ளும்.

15 நிமிடம் கழித்து 200 டிகிரிக்குக் குறைத்து, இன்னும் 25 முதல் 30 நிமிடம். புதியவர்கள் எல்லோரும் நிறம் வந்ததும் எடுத்துவிடுகிறார்கள். வெளிர் மஞ்சள் போதாது, நல்ல செம்பழுப்பு வர வேண்டும். சுவையின் பெரும்பகுதி அந்த மேல்தோலில்தான் இருக்கிறது. உணவுத் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள், 93 முதல் 96 டிகிரி காட்ட வேண்டும். இல்லையென்றால் டின்னிலிருந்து வெளியே எடுத்து அடியைத் தட்டிப் பாருங்கள், உள்ளே கூடாக இருப்பதுபோல் 'டொக்' என்று கேட்டால் வெந்துவிட்டது. மந்தமான சத்தம் வந்தால் டின் இல்லாமல் இன்னும் ஐந்து நிமிடம்.

வெந்த பிரெட்டை டின்னிலேயே விட்டால் அடிப்பகுதி வியர்த்து நமுத்துப் போகும். கம்பி ஸ்டாண்டில் வையுங்கள். காதை அருகில் கொண்டுபோனால் ஆறும் மேல்தோல் மெல்லப் படபடப்பது கேட்கும். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும், கூப்பிட்டுக் கேட்க வையுங்கள். வெட்ட மட்டும் விடாதீர்கள். உள்ளே ஸ்டார்ச் இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது. சூட்டோடு வெட்டினால் கத்தியில் ஒட்டிக்கொண்டு களிபோல வரும், வேகவில்லை என்று தவறாக நினைத்துக்கொள்வீர்கள்.

இடையில் ஸ்டூ

10.30க்கு, மாவு உப்பிக்கொண்டிருக்கும்போதே, ஊறிய கடலையை அலசிப் புதுத் தண்ணீரில் அடுப்பில் வையுங்கள். கடலைக்கு மேல் நான்கு விரல்கடை தண்ணீர் நிற்க வேண்டும். திறந்த பாத்திரத்தில் 60 முதல் 90 நிமிடம் ஆகும், குக்கரில் வைத்தால் பாதிக்கும் குறைவான நேரம் போதும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் வெண்ணெய்ப் பதமாக நசுங்க வேண்டும். வேகும்வரை தக்காளியோ எலுமிச்சையோ சேர்க்காதீர்கள். புளிப்புப் பட்டால் கடலை மென்மையாக ரொம்ப நேரம் பிடிக்கும். எத்தனை நேரம் ஆனாலும் வேகாத கடலை பெரும்பாலும் பழைய சரக்காக இருக்கும். கடலை வெந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டாம், ஸ்டூவுக்கு உடம்பு கொடுப்பதே அதுதான்.

பிரெட் ஓவனுக்குள் போனதும், 11.15க்கு, அடிகனமான பாத்திரத்தில் மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊற்றி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தை ஒரு சிட்டிகை உப்போடு போடுங்கள். இங்கே அவசரப்படவே கூடாது. மிதமான தீயில் 15 முதல் 20 நிமிடம். முதலில் கண்ணாடிபோல் ஆகும், பிறகு சுருங்கும், பிறகு ஓரங்களில் பொன்னிறம் ஏறும். அடி பிடிப்பதுபோல் இருந்தால் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றிச் சுரண்டிவிடுங்கள், அந்த ஒட்டலில்தான் ருசி. அப்புறம் பூண்டு, மசாலா ஒரு நிமிடம். அடுத்து தக்காளி, பச்சை வாசனை போய் எண்ணெய் பிரியும் வரை.

12 மணிக்கு, பிரெட் வெளியே வந்ததும், பெரிய துண்டுகளாக வெட்டிய கேரட்டும் உருளைக்கிழங்கும், வெந்த கடலையும், முக்கால் லிட்டர் அளவுக்கு அது வெந்த தண்ணீரும் (குறைந்தால் வெந்நீர்) சேர்த்துச் சிம்மில் 30 நிமிடம். மேற்பரப்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குமிழி வந்தால் போதும். உப்பைக் கடைசியில் ஒரேயடியாகப் போடாமல், வெங்காயத்தில் கொஞ்சம், தக்காளியில் கொஞ்சம், இறக்கும் முன் கொஞ்சம் என்று ருசி பார்த்துப் போடுங்கள். ஒரு கரண்டி கடலையும் உருளைக்கிழங்கும் எடுத்து மசித்துத் திரும்பக் கலந்தால் ஸ்டூ கெட்டியாகிவிடும், சோள மாவு எதுவும் தேவையில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் கீரை. அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சைச் சாறு. ஏதோ குறைகிறது, உப்பும் சரியாக இருக்கிறது என்று தோன்றும்போதெல்லாம் அந்தக் குறை பெரும்பாலும் புளிப்புதான்.

அசைவம் வேண்டுமென்றால் எலும்போடு கூடிய கோழித் தொடையை முதலில் எண்ணெயில் சிவக்க வறுத்து எடுத்துவைத்து, காய்களோடு சேர்த்து 40 நிமிடம் வேகவிடுங்கள். தெர்மாமீட்டர் 74 டிகிரியாவது காட்ட வேண்டும். ஆட்டிறைச்சியில் தோள், கால் போன்ற கெட்டியான பகுதிகள் என்றால் இரண்டு மூன்று மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். அவற்றில் உள்ள கொலாஜன் மெல்லிய சூட்டில் கரைந்து ஜெலட்டினாக மாற அவ்வளவு நேரம் வேண்டும்.

யாருக்கு என்ன வேலை

ஒருவர் சமைக்க மற்றவர்கள் காத்திருப்பது வார இறுதிக்கு அழகில்லை. நான்கைந்து வயதுப் பிள்ளைக்குத் தராசில் எண் பார்த்து மாவு கொட்டும் வேலை பொருத்தமானது. தராசில் 500 வந்ததும் 'நிறுத்து' என்று கத்தும் உற்சாகமே தனி. கொஞ்சம் பெரிய பிள்ளைகள் மாவை மடிக்கலாம், கீரை ஆயலாம். கத்தியும் ஓவனும் பெரியவர்களுக்கு. வயதானவர்கள் உட்கார்ந்த இடத்தில் பூண்டு உரித்துத் தருவார்கள், ருசி பார்த்து உப்புச் சொல்வதை அவர்களிடமே விட்டுவிடலாம். பச்சை மாவை மட்டும் யாரும் வாயில் போடக் கூடாது. வேகாத கோதுமை மாவில் நோய்க்கிருமிகள் இருக்கலாம், மாவு தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

மீந்தால்

மீந்த ஸ்டூவை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆழமான பாத்திரத்தோடு அப்படியே வைத்தால் நடுப்பகுதி ஆற வெகு நேரமாகும், அதற்குள் கிருமி பெருகும். ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து வைப்பது நல்லது. மூன்று நாட்களுக்குள் முடித்துவிடுங்கள், சுடவைக்கும்போது நன்றாகக் கொதிக்கட்டும். மறுநாள் கெட்டியாகியிருக்கும், கொஞ்சம் வெந்நீர் விட்டால் சரியாகிவிடும். ருசி முதல் நாளைவிடத் தூக்கலாகவே இருக்கும்.

பிரெட்டை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் ஸ்டார்ச் மிக வேகமாக இறுகி, பிரெட் வறட்டுத்தனமாகிவிடும். முதல் நாள் வெட்டிய பக்கம் பலகையில் படும்படி கவிழ்த்து வைத்தாலே போதும். மிச்சம் அதிகம் என்றால் அன்றைக்கே துண்டு போட்டு, காற்றுப் போகாத பையில் ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டும்போது உறைந்த துண்டை அப்படியே டோஸ்டரில் போடலாம். ஞாயிறு மாலைக்குள் காய்ந்துவிட்ட துண்டுகள் இருந்தால் சதுரமாக வெட்டி, எண்ணெய் பிசறி, 180 டிகிரியில் 10 முதல் 15 நிமிடம் மொறுமொறுவென்று வறுத்தெடுத்து, மீந்த ஸ்டூவின் மேல் தூவிப் பரிமாறுங்கள்.